கழுவும்போது வெள்ளைக் கூழாகிப்போன பயோடீசல்: யாருக்காவது நடந்திருக்கிறதா?

கருப்புக்கேன்:
சமையல் எண்ணெயை மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து பயோடீசலாக்கி வருகிறேன். புது எண்ணெயில் ஒவ்வொரு லிட்டராக மூன்று முறை செய்தேன், மூன்றும் கண்ணாடி மாதிரி வந்தன. அந்தத் தைரியத்தில் 20 லிட்டர் பொரித்த எண்ணெயில் இறங்கினேன். எண்ணெயில் எவ்வளவு அமிலம் என்று பார்க்கும் டைட்ரேஷனில் 2 மி.லி. வந்தது. புது எண்ணெய்க்கு லிட்டருக்குப் போடும் 3.5 கிராமுடன் அந்த 2 சேர்த்து 5.5, ஆக 20 லிட்டருக்கு 110 கிராம் காஸ்டிக் சோடா, 4 லிட்டர் மெத்தனால், 55 டிகிரி சூடு. எல்லாம் கணக்குப்படிதான். கிளிசரினும் அடியில் கருப்பாக இறங்கியது. அதை வடித்துவிட்டு, கழுவுவதற்கு 10 லிட்டர் தண்ணீர் ஊற்றி, ட்ரில்லில் துடுப்பை மாட்டிச் சுற்றினேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, கேன் முழுக்க வெளுத்துவிட்டது. இரவு டார்ச்சைக் கேனின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்: தண்ணீர் எங்கே முடிகிறது, எரிபொருள் எங்கே தொடங்குகிறது என்று ஒரு கோடுகூட இல்லை. இரண்டு நாளாகியும் அப்படியேதான் இருக்கிறது. எங்கே தப்பு செய்தேன் என்பதுதான் மனதை அரிக்கிறது.

துளித்துளி:
ட்ரில்லால் சுற்றியதுதான் தப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வினை முழுதாக முடிந்த பயோடீசல் கொஞ்சம் குலுக்கினாலும் பிரிந்துவிடும். பயோடீசலாக முழுதாக மாறாமல் பாதியில் நின்றுபோன எண்ணெய், அதாவது மோனோ, டை கிளிசரைடுகள்தான் தண்ணீரையும் எரிபொருளையும் கட்டிப்போடுகின்றன.

எனக்கும் ஒரு பேட்ச் இப்படித்தான் கெட்டது. அதிலிருந்து கழுவும் முன் 27/3 சோதனை பார்க்காமல் தண்ணீரைத் தொடுவதில்லை. 27 மி.லி. மெத்தனாலில், கிளிசரின் நீக்கிய 3 மி.லி. எரிபொருளை விட்டுக் குலுக்கி, நிற்க விடுங்கள். அடியில் எண்ணெய்த் துளி தங்கினால் வினை முடியவில்லை, திரும்பக் கலக்க வேண்டும். துளி இல்லாவிட்டால் கழுவலாம். முதல் இரண்டு கழுவலுக்கும் தண்ணீரை மேலிருந்து தூறலாகத் தெளியுங்கள், கிளறவே வேண்டாம். அப்புறம் எண்ணெயில் ஈரம் இருந்ததா என்று பார்த்தீர்களா? டைட்ரேஷன் அமிலத்தைத்தான் காட்டும், தண்ணீரைக் காட்டாது. ஈரம் இருந்தால் சோடா கொழுப்பை உடைத்துச் சோப்பாக்கிவிடும்.

பழையஇன்ஜின்:
செய்வதில் எனக்குப் பிரச்சினை வரவில்லை, ஓட்டும்போதுதான். நன்றாகக் கழுவி உலர்த்திய எரிபொருள். இரண்டாவது டேங்கிலேயே மேட்டில் இழுவை குறைந்து வண்டி நின்றுவிட்டது. ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே கரிச்சேறு. வருடக்கணக்கில் டீசல் டேங்கில் படியவிட்ட அழுக்கையெல்லாம் பயோடீசல் கரைத்துக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. பயோடீசல் மட்டமான எரிபொருள் என்று பேசுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அது கெடுக்கவில்லை, கழுவியது. ஆனால் பழைய ரப்பர் ஹோஸ் விஷயம் வேறு. ரிட்டர்ன் லைனைத் தொட்டபோது விரலில் கருப்பு ஒட்டியது, ரப்பர் ஊறிப் பிசுபிசுத்திருந்தது. அதை பயோடீசலைத் தாங்கும் ‘விட்டான்’ (Viton) ரப்பர் ஹோஸாக மாற்றிவிட்டேன்.

ஜன்னல்திற:
எல்லோரும் கழுவுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். 4 லிட்டர் மெத்தனால் என்று கேன்காரர் போகிற போக்கில் எழுதியதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒருமுறை நான் செய்யும்போது, பட்டப்பகலில் கொஞ்சம் மெத்தனால் ஹீட்டர் பக்கம் சிந்தியது. நெருப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் புனலின் விளிம்பு மட்டும் தானாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எரிகிறது என்றே புரிந்தது. மெயினை அணைத்துவிட்டுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினேன். மெத்தனால் கிட்டத்தட்ட 65 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆவி மூச்சில் போனாலும் தோலில் பட்டாலும் விஷம். திறந்தவெளியில், மூடிய பாத்திரத்தில் செய்யுங்கள். சோடா கலக்க அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம், ஹைட்ரஜன் கிளம்பும்.

கருப்புக்கேன்:
துளித்துளி சொன்னதற்காக, மிச்சமிருந்த பழைய எண்ணெயில் கொஞ்சத்தைச் சட்டியில் காய்ச்சினேன். 100 டிகிரியைத் தாண்டியதும் படபடவென்று தெறித்தது. ஈரம்தான். வினை முடியாததும் சேர்ந்திருக்கலாம், 27/3 பார்க்கவில்லை. இப்போது கூழ் பிரியட்டும் என்று கேனைச் சுடுநீரில் இறக்கி, உள்ளே உப்பு போட்டு வைத்திருக்கிறேன். மேலே ஒரு விரல் அகலத்துக்கு எரிபொருள் மஞ்சளாகத் தெரிகிறது.