ஒன்பது சதுரக் கட்டம் தைச்சா அரை இன்ச் குறையுது, மூலையும் சேரல. உதவி!

பாயான்பாரு தையல்:
வணக்கம். பாட்டியோட பழைய சுங்குடிச் சேலை ரெண்டும், பினாங்கு லெபோ பாசார்ல வாங்கின பாத்திக் (மெழுகுச் சாயம் போட்ட) துணியும் சேர்த்து அக்கா குழந்தைக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறேன். மூணுக்கு மூணு, ஒன்பது சதுரம் சேர்ந்தா ஒரு கட்டம். ஒவ்வொரு சதுரமும் 3½ இன்ச். கால் இன்ச் ஓரம் விட்டுத் தைச்சா கட்டம் 9½ வரணும், எனக்கு 9தான் வருது. நாலு கட்டம் முடிச்சாச்சு, நாலும் இதே கதை. சதுரங்களோட மூலையும் நேரா நிக்கல. ஸ்கேல் வச்சுத்தான் வெட்டினேன். மெஷின் கோளாறா?

செந்தூல் அக்கா:
மெஷினைத் திட்டாதீங்க. துணியை அழுத்திப் பிடிக்கிற பாதத்தோட ஓரத்தையே அளவா வச்சுத் தைச்சீங்களா? ஜிக்ஜாக் பாதம் பல மெஷின்ல அகலமா இருக்கும். ஊசியில இருந்து அதோட ஓரம் கால் இன்ச்சைத் தாண்டிடும். கணக்குப் போடுங்க. ஒரு வரிசையில ரெண்டு தையல், தையலுக்கு ரெண்டு ஓரம், ஆக நாலு. ஓரத்துக்கு அரைக்கால், அதாவது 1/8 இன்ச் கூடுதலாப் போனா அரை இன்ச் காலி. உங்க குறை அதேதான்.

ஸ்கேலை பாதத்துக்கடியில வச்சு, கால் இன்ச் கோட்டுல ஊசியை மெதுவா இறக்குங்க. ஸ்கேலோட வலது ஓரத்தை ஒட்டி மாஸ்கிங் டேப்பை நாலஞ்சு அடுக்கா ஒட்டுங்க, துணியைத் தள்ளுற பல்லு மேல படாம. கால் இன்ச்சுக்கு மயிரிழை குறைவா வச்சாத்தான் சரியா வரும், மடிப்பும் கொஞ்சம் துணியைத் தின்னும். சோதிக்க, 1½ இன்ச் அகலத்துல மூணு பட்டி தைச்சுப் பாருங்க. நடுப்பட்டி 1 இன்ச் இருக்கணும்.

பட்டர்வொர்த் ஆன்ட்டி:
அளவு அது. மூலைக்கு வேற காரணம்மா. பழஞ்சேலை துவண்டு கிடக்கும், சாய்வா இழுபடும். சோத்துக் கஞ்சியைத் தண்ணியா கரைச்சு முக்கி, காயவச்சு, அயர்ன் பண்ணிட்டு அப்புறம் வெட்டு. போர்வை முடிஞ்சதும் அலசிடு, இல்லன்னா கரப்பான் விருந்துக்கு வந்துடும். பாத்திக் சாயம் போகுதான்னு ஈரவெள்ளைத் துணியில தேய்ச்சுப் பாரு.

முதல் வரிசைத் தையலை வலப்பக்கம் மடிச்சா, ரெண்டாவதை இடப்பக்கம், மூணாவதை மறுபடி வலப்பக்கம். வரிசைகளைச் சேர்க்கையில ரெண்டு மடிப்பும் ஒண்ணையொண்ணு பூட்டிக்கும், விரலுக்கே தெரியும். அங்க ஒரு குண்டூசி. அயர்னை இழுக்காதே, வச்சு எடு. இழுத்தா சதுரம் வாழைப்பழமா வளையும்.

செந்தூல் அக்கா:
நான் தையலை ரெண்டு பக்கமும் விரிச்சுத்தான் அயர்ன் பண்ணுவேன். தட்டையா இருக்கும்.

பட்டர்வொர்த் ஆன்ட்டி:
விரிச்சா பூட்டு எங்க இருக்கு? பழகுற பிள்ளைக்கு அது வேணாம்.

பாயான்பாரு தையல்:
ஊசியில இருந்து பாதத்தோட ஓரம் வரை அளந்தேன், சரியா 3/8 இன்ச்! அக்கா ஜோசியமே சொல்லலாம். இப்ப நாலையும் பிரிக்கணுமா?

பட்டர்வொர்த் ஆன்ட்டி:
பிரிக்காதே, பாட்டி சேலை தாங்காது. குஷன் உறையாக்கிடு. நாலையும் ரெண்டுக்கு ரெண்டா சேர்த்தா 17½, ஓரம் போக 17. உள்ள 18 இன்ச் குஷனைத் திணி, கும்முன்னு நிக்கும்.

பாயான்பாரு தையல்:
டேப் ஒட்டி, கஞ்சி போட்டு, அஞ்சாவது கட்டம் தைச்சாச்சு. 9½க்கு ஒரு துளிதான் குறை. மூணு மூலை பூட்டின மாதிரி நிக்குது. நாலாவது விலகிடுச்சு. அங்க மட்டும் குண்டூசி குத்த சோம்பல், ஆன்ட்டி.