மீன்பிடித் தடைக்காலம் முடிந்து பார்த்தால் பேட்டரி செத்துக் கிடக்கிறது, கரண்ட் எங்கே போனது?

தெற்குவாடிக்காரன்:
பாம்பன் விசைப்படகு. ஏப்ரல் 15-ல் தடை தொடங்கியதும் 12 வோல்ட் ஆசிட் பேட்டரியைக் கழற்றி வீட்டுத் திண்ணையில் வைத்தேன், அதுவரை ஒரு குறையும் இல்லை. 61 நாள் கழித்து எடுத்து ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டும், கடலில் லைட்டும் ஜிபிஎஸ்ஸும் இரண்டு மணி நேரத்தில் மங்கிவிட்டன. சிமெண்டுத் தரை இழுத்துவிட்டது என்கிறார் பக்கத்துப் படகுக்காரர். உண்மையா?

மண்டபம் வயர்மேன்:
தரை ஒன்றையும் இழுக்காது தம்பி, இப்போது வருவதெல்லாம் பிளாஸ்டிக் பெட்டி. டேங்கில் டீசல் நிற்பது போல உள்ளே கரண்ட் நிற்பதும் இல்லை. பாசிட்டிவ் பிளேட்டில் சாக்லேட் நிறத்தில் ஈய டை ஆக்சைடு, நெகட்டிவில் பஞ்சு மாதிரி ஈயம், சுற்றிலும் கந்தக அமிலம். லைட்டைப் போட்டதும் ஆசிட்டில் இருக்கும் சல்பேட் இரண்டு பிளேட்டிலும் போய்ப் படிகிறது, ஆசிட் தண்ணீராக இளைக்கிறது, எலக்ட்ரான் மட்டும் வயர் வழியாகச் சுற்றி வருகிறது. சார்ஜ் போட்டால் இதெல்லாம் திரும்பி நடக்கும், அவ்வளவுதான். சும்மா வைத்திருந்தாலும் மெதுவாக இறங்கும், நம்ம ஊர் மே மாத வெயிலில் இன்னும் வேகமாக. படிந்த சல்பேட்டை உடனே சார்ஜ் போட்டுக் கரைத்துவிடலாம், இரண்டு மாதம் விட்டால் வாலிநோக்கம் உப்பளத்துக் கல் உப்பு மாதிரி பருத்துக் கெட்டியாகிவிடும், அப்புறம் சார்ஜர் கெஞ்சினாலும் கரையாது. தடைக்காலத்தில் மாதம் ஒருமுறையாவது சார்ஜ் போட்டிருக்க வேண்டும். ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பாருங்கள்: 1.26-க்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது, 1.12 பக்கம் என்றால் காலி.

கீழக்கரையான்:
லித்தியத்துக்கு மாறிவிடுங்கள் காக்கா. அதில் பிளேட்டு உருமாறுவதில்லை, கிராஃபைட் அடுக்குகளுக்கு நடுவே லித்தியம் அயனி போய் உட்காரும், எழுந்து வரும். சல்பேட் தொல்லையே கிடையாது.

மண்டபம் வயர்மேன்:
சரிதான், ஆனால் விலையைச் சொல்லவில்லையே! சார்ஜரும் அதற்கென்றே வேண்டும், பழையதை மாட்டாதீர்கள்.

தெற்குவாடிக்காரன்:
மீட்டர் விட்டுப் பார்த்தேன் அண்ணே. பேட்டரியின் ஆறு அறையில் ஐந்தில் 1.24, மூன்றாவதில் மட்டும் 1.13. மார்ச்சில் டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்த அன்று அந்த அறைக்கு மட்டும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன், எங்கள் கிணறு கொஞ்சம் உவர்ப்பு.

மண்டபம் வயர்மேன்:
அடப்பாவி, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. உப்புத் தண்ணீர் பிளேட்டை அரித்துவிடும். அந்த அறை தேறாது, பழைய பேட்டரியைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்குங்கள், ஈயத்துக்காவது கொஞ்சம் காசு கழிப்பார்கள்.