இங்கிலாந்தில் பி.ஜி.சி.இ. நேர்காணல்: தருமபுரி, கிருஷ்ணகிரி டீச்சர்களுக்கு

பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரைன்னு நம்ம பக்கம் பள்ளிக்கூடத்துல வேலை பார்த்துட்டு, கல்யாணமாகி இங்க வந்த தங்கச்சிங்க பலரும் கேட்கிறது: "அக்கா, பி.ஜி.சி.இ. ஆசிரியர் பயிற்சி இன்டர்வியூவுக்கு எதைப் படிக்கணும்?"

படிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. பி.எட். முடிச்சு, கணக்கு, அறிவியல் அல்லது மொழிப்பாடம் நடத்தின அனுபவம் இருந்தா, பயிற்சி இல்லாமலேயே கியூ.டி.எஸ்.ங்கிற 'தகுதி பெற்ற ஆசிரியர்' அங்கீகாரத்துக்கு நேரடியா விண்ணப்பிக்கலாம். 2023 பிப்ரவரியிலிருந்து இந்தியாவுக்கும் அந்த வழி திறந்திருக்கு. நிபந்தனைகளை அரசு இணையதளத்துல பாருங்க. பொருந்தினா ஒரு வருஷமும் ஃபீஸும் மிச்சம். பொருந்தாதவங்களும், இங்கத்திய வகுப்பறையைப் பழகிக்கிட்டு ஆரம்பிக்கணும்னு நினைக்கிறவங்களும் மேல படிங்க.

இங்க இன்டர்வியூவுல பியாஜே, வைகோட்ஸ்கின்னு கல்வி உளவியல் அறிஞர்களோட கோட்பாட்டை ஒப்பிச்சா வேலைக்காகாது. நீங்க ஒரு பிள்ளைக்கு என்ன செஞ்சீங்க, அதுல என்ன நடந்துச்சுன்னு கேட்பாங்க. அந்தக் கதை உங்ககிட்ட நிறையவே இருக்கு. "நான் வேலை பார்த்தது சின்ன ஊர்"னு நம்ம பிள்ளைங்க அதைச் சொல்லாம விடுறதுதான் எனக்கு ஆதங்கம்.

குழந்தைப் பாதுகாப்பு பத்தி கண்டிப்பா ஒரு கேள்வி வரும். பத்தாவது படிக்கிற பொண்ணு திடீர்னு வர்றதில்லை, மாப்பிள்ளை பார்த்துட்டாங்கன்னு தோழி சொல்றா. நம்ம ரெண்டு மாவட்டத்துல வேலை பார்த்த டீச்சருக்கு இது புதுசா? எச்.எம். கிட்ட சொல்லி, 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கு போன் பண்ணி, கல்யாணத்தை நிறுத்தினவங்க நமக்குள்ளேயே இருக்காங்க. ஊர் மானம் போயிடும்னு அதை மறைக்காதீங்க. பொண்ணு பேரு, ஊர் பேரு மட்டும் சொல்லக்கூடாது. இங்கிலாந்துலயும் 2023 பிப்ரவரி 27-லிருந்து 18 வயசுக்குக் கீழ கல்யாணம் சட்டப்படி செல்லாது. எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு நீங்க சொல்றது நல்லாவே புரியும். கூடவே இங்கத்திய நடைமுறையைச் சொல்லுங்க: பிள்ளை ஏதாவது சொன்னா "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு வாக்கு குடுக்கக்கூடாது, துருவித் துருவிக் கேட்கக்கூடாது, அது சொன்ன வார்த்தையிலேயே எழுதி வச்சு, அன்னைக்கே பாதுகாப்புப் பொறுப்பாளர்கிட்ட ஒப்படைக்கணும். 'கீப்பிங் சில்ட்ரன் சேஃப் இன் எஜுகேஷன்'னு அரசு வழிகாட்டி இருக்கு. அதோட முதல் பகுதியையாவது படிக்காம போகாதீங்க.

அடுத்தது மொழி. இங்கத்திய பள்ளிப் பிள்ளைங்கள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்கு வீட்டு மொழி இங்கிலீஷ் இல்ல. தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் பாடம் நடத்தினவங்க இதைப் பத்திப் பாடமே எடுக்கலாம். வீட்டுல தெலுங்கோ கன்னடமோ பேசுற பிள்ளைக்குத் தமிழ்ல அறிவியல் சொல்லிக் குடுத்தீங்கல்ல, எப்படிச் செஞ்சீங்க? படம் வரைஞ்சு காட்டினீங்களா, ரெண்டு மொழியும் தெரிஞ்ச பிள்ளையைப் பக்கத்துல உட்கார வச்சீங்களா, முக்கியமான சொல்லை முன்கூட்டியே போர்டுல எழுதினீங்களா? அதையே சொல்லுங்க.

பல இடத்துல 10 இலிருந்து 20 நிமிஷம் பாடம் நடத்தச் சொல்வாங்க. நம்மாளுங்க முழு அத்தியாயத்தையும் அதுல அடைக்கப் பார்ப்பாங்க. ஒரே ஒரு கருத்து போதும். வேதியியல் தங்கச்சி ஒருத்திக்கு நான் சொன்ன யோசனை: ஃப்ளோரைடு. நம்ம ஊர் போர் தண்ணியில அது அதிகமா இருந்ததாலதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு. இங்க பர்மிங்காம்ல 1964-லிருந்து பல்லுக்கு நல்லதுன்னு குடிதண்ணியில அதையே சேர்க்கிறாங்க. சேர்க்கிற அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்ற உச்ச அளவு 1.5. மூணு டம்ளர்ல சாயத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா நீர்க்க வச்சுக் காட்டி, "ஒரே பொருள், ஓரிடத்துல பல்லைக் காக்குது, இன்னோரிடத்துல கறையாக்குது, ஏன்?"னு கேட்டா, செறிவுங்கிற கருத்து 13 வயசுப் பிள்ளைக்குப் பிடிபட்டுடும். நீங்க பேசுறதைவிடப் பிள்ளைங்க பேசுற நேரம் அதிகமா இருக்கட்டும்.

முடிஞ்சதும் "பாடம் எப்படிப் போச்சு?"ன்னு கேட்பாங்க. "நல்லா போச்சு"ன்னு மட்டும் சொல்லி நிறுத்திடாதீங்க. பின்வரிசைப் பையனுக்குப் புரிஞ்சுதான்னு சோதிக்க நேரம் பத்தலை, அடுத்த தடவை இப்படிச் செய்வேன்னு சொல்றவங்களைத்தான் அவங்க தேடுறாங்க. நம்ம பழக்கத்துக்கு இது தன்னைத் தானே குறைச்சுக்கிற மாதிரி தெரியும். இங்க அது தகுதியோட அடையாளம்.

காகிதங்கள்: டிகிரி இங்கத்திய டிகிரிக்குச் சமம்னு காட்டுற யு.கே. எனிக் சான்று, இங்கிலீஷுக்கும் கணக்குக்கும் ஜி.சி.எஸ்.இ. (இங்க 16 வயசுல எழுதுற பள்ளித் தேர்வு) 4-ஆம் கிரேடுக்கு இணையான தகுதி. தொடக்கப் பள்ளின்னா அறிவியலுக்கும். ஊர்ல எடுத்த போலீஸ் நற்சான்றும் கேட்கலாம். பரிந்துரைக் கடிதத்துக்குப் பழைய எச்.எம். பேரைக் குடுக்கிறதா இருந்தா, இப்பவே ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க: இங்கிருந்து மெயில் வரும், ஸ்பாம்லயும் பாருங்க சார், கூடுமானவரை பள்ளிக்கூட மெயில் முகவரியிலிருந்தே பதில் போடுங்கன்னு. ஏப்ரல் கடைசியில பள்ளி மூடிட்டா ஜூன் வரைக்கும் அந்த மெயிலைத் திறக்க ஆள் இருக்காது.