நாலு கம்பி பேஸ் கிட்டாரா அஞ்சு கம்பியா, டோன் எதுல நல்லாருக்கு?

காட்பாடி_நாலுகம்பி:
பதினோரு வருஷமா நாலு கம்பி ஜாஸ் பேஸ்தான் (ஃபெண்டர் கம்பெனி மாடல்) வாசிக்கிறேன், மெல்லிசைக் கச்சேரி சர்ச் ரெண்டும். இப்ப குழுவுல எல்லாரும் அஞ்சு கம்பி வாங்கு வாங்குன்னு சொல்லிக்கினே இருக்காங்க. போன வாரம் ஃப்ரெண்டோடத ஒரு மணி நேரம் வாசிச்சேன். கீழ கூடுதலா வர்ற பி கம்பிய விடுங்க, அதுல இருக்கிற ஈ கம்பியே என் ஈ மாதிரி இல்ல. என்னோடது அடிச்சா பளிச்சுன்னு முன்னாடி வந்து நிக்கும், இது மழுங்கிக் கேட்டுச்சு. டோன் போனா எனக்கு எதுவும் வேணாம்.

ஆம்பூர்_லோபி:
அண்ணா, ரெண்டுலயும் ஒரே பிக்கப் (கம்பி அதிர்வ மின்சாரமா மாத்துற காந்தம்), ஒரே கம்பி செட்டா? உங்களுது பேட்டரி இல்லாத பேஸிவ், ஒத்தச் சுருள் சிங்கிள் காயில், அஞ்சு கம்பில நெறைய மாடல் பேட்டரில ஓடுற ஆக்டிவ் ப்ரீஆம்ப்போட, ரெட்டைச் சுருள் ஹம்பக்கர் வெச்சு வரும். அந்த வித்தியாசத்த கம்பி தலைல கட்டாதீங்க. அப்புறம் சும்மா இருக்கிற பி கம்பி மத்தத அடிக்கும்போது கூடவே அதிரும், கட்டைவிரல அதுமேல சாய்ச்சு அமுக்கலன்னா எல்லாம் கொழகொழன்னுதான் கேக்கும், அந்தப் பழக்கம் வர்றதுக்கே மாசக்கணக்கு ஆகும்.

காட்பாடி_நாலுகம்பி:
அமுக்குறது சரி தம்பி, ஒத்துக்கறேன். ஆனா ஜாஸ் பேஸ் நட் (தலைப்பக்கம் கம்பி உக்கார்ற கட்டை) அகலம் 38 மி.மீ., அஞ்சு கம்பில 45 பக்கம் போவுது. நெக்ல மரமும் கூட, இழுவையும் கூட, அதிர்வு எப்படி அப்படியே இருக்கும்? ஈ 41 ஹெர்ட்ஸ், பி 31. அதே 34 இஞ்ச் நீளத்துல அவ்ளோ கீழ இறக்க 0.130 இஞ்ச் கனத்துல கம்பி போடணும், அவ்ளோ தடியான கம்பி விறைப்பா நின்னு சுரம் தெளிவா வராது, அதனாலதான் 35 இஞ்ச்லயும் செய்றாங்க. நம்ம கச்சேரி ஸ்பீக்கர் பாக்ஸ் பலதுல 45 ஹெர்ட்ஸுக்குக் கீழ சத்தம் மளமளன்னு கொறஞ்சிடும், அப்ப 31 யார் காதுக்குப் போவுது? மோட்டவுன்ங்கிற அமெரிக்க ரெக்கார்ட் கம்பெனில வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 ஃபெண்டர் ப்ரெசிஷன் பேஸ்ல ஃப்ளாட்வவுண்ட் (வழுவழுப்பா சுத்தின கம்பி) போட்டு வலது கைல ஒரே ஒரு விரலால வாசிச்சாரு, அந்த டோனுக்கு இன்னிக்கும் ஏங்குறோம்.

குடியாத்தம்_கீஸ்:
நான் கீபோர்டு, நடுவுல வரேன். கங்கையம்மன் திருவிழா கச்சேரில பாடுற அக்கா கடைசி நேரத்துல சுருதிய ஈ ஃப்ளாட்டுக்கு எறக்கினாங்க, எங்க பேஸ் அண்ணன்கிட்ட நாலு கம்பிதான், கீழ வந்து உக்கார வேண்டிய எடத்துல மேல் ஆக்டேவுக்குத் தாவினாரு, 39 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய எடத்துல 78. எனக்கு காலுக்குக் கீழ தரையே இல்லாத மாதிரி ஆயிடுச்சு. இதுவும் டோன்தானே?

ஆம்பூர்_லோபி:
இதத்தான் சொல்றேன்! பாக்ஸ்ல 31 வரலன்னாலும் 62, 93 வருது இல்ல, அத வெச்சு காது 31ஐ தானா கட்டிக்கும். பி கம்பி அஞ்சாவது ஃப்ரெட்ல அதே ஈ இருக்கு, திறந்த கம்பிய விட உருண்டையா, கெட்டியா. ஒரே சுரத்துக்கு ரெண்டு கலர். 1965ல ஃபெண்டர் விட்ட அஞ்சு கம்பில மேல சி தான் சேர்த்தாங்க, அது நிக்கல. 1976ல ஜிம்மி ஜான்சன்னு ஒரு பேஸ் வாசிக்கிறவரு அலெம்பிக் கம்பெனி பேஸ்ல கீழ பி போட்டாரு, அதுதான் நின்னுச்சு.

காட்பாடி_நாலுகம்பி:
ஈ ஃப்ளாட், டி தானே பிரச்சனை, அதுக்கு ஹிப்ஷாட் டி-ட்யூனர் (ஈ கம்பிய டிக்கு எறக்குற சாவி) லீவர தட்டினா போதும், நெக்க மாத்த வேணாம்.

குடியாத்தம்_கீஸ்:
அடுத்த பாட்டு டிக்கும் கீழ, சி-ல வந்தா?

காட்பாடி_நாலுகம்பி:
சி வந்தா மாட்டிக்குவேன், உண்மதான். தம்பி, ஞாயித்துக்கிழம சர்ச் முடிஞ்சு ஆம்பூர் வரேன். ரெண்டுக்கும் ஒரே கம்பெனி செட் புதுசா போட்டு ஒரே ஆம்ப்ல கேக்கலாம், செட் காசு என்னுது. ஈ கம்பிய மட்டும் மொதல்ல.