பெக்கி லீயின் ‘ஃபீவர்’ 45 தட்டு: பார்க்கப் புதிது, ஓடவிட்டால் இரைச்சல். என்ன தரம் சொல்லி விற்பது?

கேள்வி

வணக்கம். பெக்கி லீ 1958-இல் காப்பிட்டல் நிறுவனத்துக்காகப் பாடிய ‘ஃபீவர்’ பாடலின் ஏழங்குல இசைத்தட்டு (நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் வகை), பழைய தட்டுகள் நிறைந்த ஒரு பெட்டியோடு என் கைக்கு வந்திருக்கிறது. லேபிள் ஊதா நிறம், எண் எஃப்3998, மறுபக்கத்தில் ‘யூ டோன்ட் நோ’. விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய உரசல் தடங்கள் சிலவற்றைத் தவிர வேறு குறை தெரியவில்லை. ஆனால் ஓடவிட்டால் தொடக்கம் முதலே சடசடப்பு கேட்கிறது. பாட்டு முடியும் இடத்தை நெருங்கும்போது குரலும் பிசிறடிக்கிறது. இதை எந்தத் தரமென்று குறிப்பிட்டு விற்கலாம்? இயற்றியவர்களாக டேவன்போர்ட், கூலி என்று அச்சாகியிருப்பதால், இது போலியோ என்ற ஐயமும் இருக்கிறது.

பதில் 1

பெயரைக் குறித்து ஐயம் வேண்டாம். ஜான் டேவன்போர்ட் என்பது ஓட்டிஸ் பிளாக்வெல்லின் புனைபெயர். அவரும் எடி கூலியும் எழுதிய இப்பாடலை 1956-இல் முதலில் பாடி வெளியிட்டவர் லிட்டில் வில்லி ஜான். ஊதா லேபிளும் நீங்கள் தந்த எண்ணும் 1958-ஆம் ஆண்டின் அமெரிக்க அச்சுக்குப் பொருந்துகின்றன. ஆயினும் அமெரிக்காவின் பில்போர்டு வெற்றிப்பாடல் பட்டியலில் எட்டாம் இடம் வரை சென்ற பாடல் என்பதால், தட்டு அரியதன்று. விலையைத் தீர்மானிப்பது அதன் நிலைதான்.

பதில் 2

கண்ணால் பார்த்துத் தரம் சொல்லக் கூடாத தட்டு ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஜோ மோன்ட்ராகனின் பாஸ் (கீழ்ச்சுருதித் தந்திக்கருவி), ஷெல்லி மேனின் தாளம், விரல் சொடக்கு ஆகியவற்றைத் தவிர இசைக்கருவி என்று எதுவுமே இல்லாத ஏற்பாடு என்பதால், முழு இசைக்குழுவின் ஒலிக்குள் மறைந்துவிடக்கூடிய சிறு இரைச்சல்கூட இங்கே சொடக்குக்கும் சொடக்குக்கும் இடையே வெளிப்பட்டுவிடுகிறது. வாங்குபவர் காசு கொடுப்பது அந்த மௌனத்துக்கும் சேர்த்துத்தான் என்பது என் எண்ணம்.

முதலில் தட்டைக் கழுவுங்கள். காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு சொட்டு கலந்து, லேபிள் நனையாமல், மென்மையான தூரிகையை வரிப்பள்ளத்தின் திசையிலேயே ஓட்டி, பின்பு வெறும் நீரால் அலசி உலர்த்தவும். ஆல்கஹாலைத் தவிர்ப்பது நல்லது. அக்கால 45 தட்டுகளில் வினைலுக்குப் பதிலாகப் பாலிஸ்டைரீனில் அச்சானவையும் உண்டு.

அடுத்து, இது மோனோப் பதிவு, அதாவது ஒற்றைத் தட ஒலி. ஒலிபெருக்கியில் (ஆம்ப்ளிஃபையரில்) மோனோப் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். மோனோவில் இசை முழுவதும் ஊசியின் பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. மேலும் கீழுமான அசைவிலிருந்து வருவது இரைச்சல் மட்டுமே என்பதால் அது நீங்கிவிடும். ஸ்டீரியோவுக்கான 0.7 மில் (மில் என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஊசிக்குப் பதிலாக 1 மில் மோனோ ஊசி கிடைத்தால், அது பள்ளத்தின் வேறோர் உயரத்தில் அமர்வதால் தேய்ந்த பகுதியைத் தவிர்க்கவும் வாய்ப்புண்டு.

கேட்டவர்

மிக்க நன்றி. கழுவி, மோனோவில் கேட்டபோது சடசடப்பு பெருமளவு அடங்கிவிட்டது. கடைசிப் பகுதியில் குரல் பிசிறுவது மட்டும் அப்படியே இருக்கிறது. மறுபக்கம் தெளிவாக ஒலிக்கிறது.

பதில் 2

அப்படியானால் மிஞ்சியிருப்பது பள்ளத் தேய்மானம். ஊசியைத் தாங்கும் கை கனமாக உள்ள பழைய இசைத்தட்டுக் கருவிகளில் பலமுறை ஓடியதன் விளைவு அது. தட்டின் உட்பகுதியில் பள்ளத்தின் வேகம் குறைவதால் அங்கேதான் முதலில் கேட்கும். அதற்கு மருந்தில்லை.

இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் பயன்படுத்தும் கோல்ட்மைன் தர அளவுகோலின்படி, பார்வைக்கு ‘வெரி குட் பிளஸ்’ என்றும், ஒலிக்கு ‘வெரி குட்’ என்றும் தனித்தனியே எழுதிவிட்டு, விலையை ஒலித் தரத்துக்கே வையுங்கள். அது ‘நியர் மின்ட்’ (ஏறக்குறையப் புதியது) விலையில் ஏறத்தாழக் கால் பங்கு. ‘ஃபீவர்’ பக்கத்தின் இறுதியில் குரல் பிசிறுகிறது, மறுபக்கம் தெளிவு என்று விளக்கத்தில் சேர்த்து, அந்த இடத்தின் ஒலித்துணுக்கையும் பதிவு செய்து இணையுங்கள். அனுப்பும்போது தட்டைக் காகித உறைக்கு வெளியே எடுத்து, இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் அடுத்தடுத்து வைத்து, இருபுறமும் கெட்டி அட்டை கொடுத்துக் கட்டினால், வழியில் உறையின் விளிம்பு கிழியாது.