பட்டியலை நம்பிய வாரம், பட்டியலை மீறிய வாரம்: ஃபேன்டஸி ஃபுட்பால் அனுபவங்கள்

டாலஸ்காரன்:

2018 டிசம்பர் 6, வியாழக்கிழமை. அந்தத் தேதியை நான் எங்கேயும் குறித்து வைக்கவில்லை. தானாகவே மனதில் தங்கிவிட்டது.

எங்கள் ஆபீஸ் ஃபேன்டஸி லீகில் பன்னிரண்டு பேர். நிஜ ஆட்டக்காரர்களை ஆளுக்குச் சிலராகப் பிரித்து எடுத்து கற்பனை அணி அமைப்போம். அவர்கள் நிஜ ஆட்டத்தில் செய்வது எங்களுக்குப் புள்ளி, வாராவாரம் ஒருவரோடு ஒருவர் மோதுவோம். அமெரிக்கா வந்த மூன்றாவது வருஷம், ஒரு இடம் காலியாக இருக்கிறது என்று டீம் லீடு என்னை இழுத்துவிட்டார். அதுவரை அமெரிக்க ஃபுட்பாலின் பெரிய லீகான என்எஃப்எல் ஆட்டம் எனக்குச் சுத்தமாகப் புரியாது. ஹெல்மெட் போட்டவர்கள் மோதிக்கொள்வார்கள், விசில் அடிப்பார்கள், விளம்பரம் வரும், அவ்வளவுதான். ஃபேன்டஸி கணக்குதான் எனக்கு ஆட்டத்தையே சொல்லிக்கொடுத்தது. ஓடியோ பிடித்தோ பத்து யார்டு எடுத்தால் ஒரு புள்ளி. எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்க்கும் டச்டவுனுக்கு ஆறு. அணிக்காகப் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்குக்கு, அவர் வீசி வரும் டச்டவுனுக்கு நான்கு. பிபிஆர் லீகில் பிடிக்கிற ஒவ்வொரு பந்துக்கும் இன்னும் ஒன்று. எந்த ஆட்டக்காரருக்காகப் புள்ளி எண்ணுகிறோமோ அவரைக் கண் தானாகப் பின்தொடரும். அப்படியே ஆட்டமும் பிடிபட்டுவிடும்.

அந்த வருஷம்தான் முதல் தடவையாக, தோற்றால் வெளியேறும் பிளேஆஃபுக்குள் வந்தேன். 14ஆவது வாரம். என் ரன்னிங் பேக்குகளில், அதாவது பந்தோடு ஓடுகிறவர்களில், ஒருவர் டென்னசி டைட்டன்ஸின் டெரிக் ஹென்றி. இந்த வாரம் யாரைக் களம் இறக்கலாம் என்று ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்தும் வாராந்தரப் பட்டியல்கள் உண்டு. நான் பார்த்த எல்லாவற்றிலும் அவர் கீழேதான் இருந்தார். அதற்கு நியாயமும் இருந்தது. அந்த சீசன் அதுவரை அவருக்குச் சுமார்தான். எதிரணி ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ், நான்கு நாள் முன்னால்தான் கோல்ட்ஸை ஒரு புள்ளிகூட எடுக்கவிடாமல் 6-0 என்று முடித்திருந்தது. எதிரணி எவ்வளவு கடினம் என்று நிறத்தில் காட்டும் மேட்ச்அப் கட்டத்தில் சிவப்பு, அதாவது கடினம். ஹென்றியை பெஞ்சில் உட்கார வைத்தேன். பெஞ்சில் இருப்பவர் எடுக்கும் புள்ளி கணக்கில் சேராது.

இரண்டாவது குவார்ட்டரில் டைட்டன்ஸ் தன் சொந்த ஒரு யார்டு கோட்டில் நின்றது. பந்து ஹென்றி கைக்குப் போனது. ஓரமாக ஓடினார். தடுக்க வந்தவர்களை ஒருவர் பின் ஒருவராகக் கையாலேயே தள்ளிவிட்டுக்கொண்டு 99 யார்டு ஓடி முடித்தார். எங்கள் ஊர் கௌபாய்ஸின் டோனி டார்செட் 1983 ஜனவரியில் ஓடிய அதே 99. அதை ஒருவர் சமன் செய்யலாமே தவிர முறியடிக்க முடியாது, அதற்கு மேல் மைதானம் இல்லை. இரவு முடியும்போது ஹென்றிக்கு 17 ஓட்டம், 238 யார்டு, 4 டச்டவுன். என் பெஞ்சில் 47.8 புள்ளி கிடந்தது. அந்த வாரத்தோடு என் சீசன் முடிந்தது.

பட்டியல் போட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வியாழனை யாராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் நான் யோசித்த விதம் தப்பு. ஜாகுவார்ஸின் 6-0க்கு முன்னால் அவர்கள் தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றிருந்தார்கள். அதை நான் பார்க்கவே இல்லை. சிவப்பைப் பார்த்தேன், அது ஏன் சிவப்பு என்று கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஜயன்ட்ஸுக்கு எதிராக ஹென்றியிடம் 33 தடவை பந்தைக் கொடுத்தார்கள். 170 யார்டு, 2 டச்டவுன். அந்த 33தான் எனக்குக் கண்ணைத் திறந்தது. எதிரணி யார் என்பதற்கு முன்னால், இவர் கைக்குப் பந்து எத்தனை முறை வரும் என்று பார்க்க வேண்டும். இப்போது எந்தப் பட்டியலைத் திறந்தாலும் அதைத்தான் முதலில் தேடுகிறேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு வாரம் இருந்திருக்கும். சொல்லுங்கள்.

சிகாகோ கணக்கன்:

நீங்கள் சொன்ன சிவப்புக் கட்டம் எனக்குப் பச்சையாக வந்தது. பச்சை என்றால் சுலபமான எதிரணி.

2023 செப்டம்பர் 24, மூன்றாவது வாரம். மயாமி டால்ஃபின்ஸ் டென்வர் பிராங்கோஸை 70-20 என்று அடித்தது. ஒரு அணி 70ஐத் தொட்டது 1966க்குப் பிறகு அன்றுதான். டிவான் ஏச்சேன் நான்கு டச்டவுன், ரஹீம் மோஸ்டர்ட் நான்கு டச்டவுன். மயாமியின் குவார்ட்டர்பேக்குகள் வீசியதில் மட்டும் ஐந்து.

அன்றிலிருந்து எந்த அணிக்கு பிராங்கோஸ் எதிரணியாக வந்தாலும் கட்டம் பச்சைதான். அந்தக் கட்டம் எப்படி வருகிறது? இந்த டிஃபென்ஸுக்கு எதிராக, உதாரணமாக ரிசீவர்கள், இதுவரை எடுத்த புள்ளியைக் கூட்டி, ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். மூன்று ஆட்டத்தில் ஒன்று 70 என்றால் சராசரி என்ன ஆகும்? ஏழு ஆட்டம் முடிந்த பிறகும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளேயே உட்கார்ந்திருக்கும். நான் வேலையில் நாள் முழுக்க இந்த மாதிரி சராசரிகளைத்தான் பார்க்கிறேன். அப்படியிருந்தும் 8ஆவது வாரம் வீட்டில் சோபாவில் உட்கார்ந்து பச்சையை நம்பி, கன்சாஸ் சிட்டி சீஃப்ஸின் ரிசீவர் (வீசிய பந்தைப் பிடிப்பவர்) ஒருவரைக் களம் இறக்கினேன். அக்டோபர் 29. பிராங்கோஸ் 24, சீஃப்ஸ் 9. சீஃப்ஸுக்கு, பந்தை உதைத்து எடுக்கும் ஃபீல்டு கோல் மூன்று, அவ்வளவுதான். காய்ச்சலோடு ஆடிய அவர்கள் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் ஒரு டச்டவுன்கூட வீசவில்லை. சீஃப்ஸிடம் தொடர்ந்து 16 தடவை தோற்ற அணி அன்றைக்கு ஜெயித்தது. பிராங்கோஸ் அப்போது ஏற்கெனவே மாறத் தொடங்கியிருந்தது. ஐந்து ஆட்டம் வரிசையாக ஜெயித்தார்கள், இது அதில் இரண்டாவது.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். மேட்ச்அப் கட்டத்தைப் பார்த்தால், அதிலிருந்து மிகப் பெரிய ஒரு ஆட்டத்தை எடுத்துவிட்டு மறுபடி கணக்குப் போடுவேன். நிறம் மாறினால் அந்தக் கட்டத்தை விட்டுவிடுவேன். இன்னொன்றும் பார்ப்பேன். பந்தயச் சந்தையில் ஒரு ஆட்டத்தின் மொத்தம் 48 என்றும் ஒரு அணி ஆறு புள்ளி முன்னே என்றும் இருந்தால், அந்த அணிக்கு 27, எதிரணிக்கு 21 எதிர்பார்க்கிறார்கள் என்று அர்த்தம். நான் ஒரு டாலர்கூடப் பந்தயம் கட்டுவதில்லை. ஆனால் யார் ஆடுகிறார், யார் ஆடவில்லை, வானிலை எப்படி என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் ஏற்கெனவே வந்துவிடும். பச்சை சிவப்பை விட எனக்கு அது உதவியிருக்கிறது.

எடிசன் அக்கா:

தம்பி வானிலை என்றதும் எழுதத் தோன்றியது. என்னுடையதும் டிசம்பர் 6தான், ஆனால் 2021. திங்கள் இரவு ஆட்டம், பஃபலோ பக்கம் ஆர்ச்சர்ட் பார்க்கில். பில்ஸும் பேட்ரியட்ஸும்.

என் வீட்டுக்காரரின் கல்லூரி நண்பர்கள் நடத்தும் லீக் அது. பெண் நான் ஒருத்திதான். ஞாயிறு ஆட்டங்கள் முடிந்தபோது ஜெயிக்க எனக்கு இன்னும் ஐந்து புள்ளி வேண்டும். எதிராளிக்கு ஆடக்கூடியவர் யாரும் மிச்சமில்லை. எனக்கு ஃபிளெக்ஸ் இடம் ஒன்று பாக்கி, அதில் ரிசீவரையும் வைக்கலாம், ரன்னிங் பேக்கையும் வைக்கலாம். கையில் இரண்டு பேர், இரண்டு பேருமே பேட்ரியட்ஸ். ரிசீவர் ஜகோபி மேயர்ஸ், ரன்னிங் பேக் ரமாண்ட்ரே ஸ்டீவன்சன். எங்களுடையது பிபிஆர் லீக். நான் வழக்கமாகப் பார்க்கும் பட்டியலில் மேயர்ஸ் மேலே. வீட்டுக்காரரும் மேயர்ஸைத்தான் சொன்னார்.

சாயங்காலம் பிள்ளைகளுக்கு தோசை ஊற்றிக்கொண்டே போனில் பஃபலோ வானிலையைத் திறந்தேன். காற்று மணிக்கு 40 மைலுக்கு மேல் வீசக்கூடும் என்று போட்டிருந்தது. மழையோ பனியோ கொஞ்சம் இருந்தால் பந்து வீசலாம். காற்று அப்படி இல்லை, வீசிய பந்து எங்கே போய் விழும் என்று வீசியவருக்கே தெரியாது. அந்தப் பட்டியல் வியாழக்கிழமை வந்தது. வியாழக்கிழமை எழுதியவருக்குத் திங்கள் இரவுக் காற்று எப்படித் தெரியும்? அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டீவன்சனை உள்ளே வைத்தேன்.

அந்த ஆட்டத்தில் பேட்ரியட்ஸின் குவார்ட்டர்பேக் மேக் ஜோன்ஸ் மொத்தம் மூன்றே மூன்று தடவைதான் பந்தை வீசினார். முழு ஆட்டத்துக்கும் மூன்று! 46 தடவை ஓடியே 222 யார்டு எடுத்து 14-10 என்று ஜெயித்தார்கள். மேயர்ஸ் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. ஸ்டீவன்சனுக்கு 24 ஓட்டம், 78 யார்டு, டச்டவுன் இல்லை. 7.8 புள்ளி. பெரிய எண் இல்லைதான். எனக்குத் தேவைப்பட்டது ஐந்து.

டாலஸ் தம்பியின் பெஞ்சில் கிடந்த 47.8 மாதிரி யாரும் இதை ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். என் வாழ்க்கையில் நான் எடுத்த மிக நல்ல லைனப் முடிவு இதுதான்.

புதுசு:

அக்கா, ஃபிளெக்ஸ் இடத்தைக் கடைசி வரை காலியாக வைத்திருந்தது தற்செயலா, இல்லை வேண்டுமென்றேவா?

எடிசன் அக்கா:

வேண்டுமென்றேதான். ஃபிளெக்ஸில் ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் யாரை வேண்டுமானாலும் வைக்கலாம். வியாழக்கிழமை ஆடுகிறவரை அதில் வைத்துவிட்டால், அவர் ஆட்டம் தொடங்கியதும் இடம் பூட்டிக்கொள்ளும், அப்புறம் மாற்ற முடியாது. அதனால் சீக்கிரம் ஆடுகிறவர்களை அவரவர் சொந்த இடத்தில் வை, கடைசியாக ஆடுகிறவருக்கு ஃபிளெக்ஸை விடு. கடைசி நேரத்தில் ஒருவர் ஆடவில்லை என்றாலும் மாற்ற வழி இருக்கும்.

வேளச்சேரி:

கடைசி நேரம் என்றால் எனக்கு அதிகாலை நாலே கால்.

நான் சென்னையில் இருந்து வேலை செய்கிறேன். எங்கள் கிளையன்ட் டீம் சாக்ரமென்டோவில். 2024இல் அவர்கள் லீகில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். சீசனுக்கு முன்னால் முறை வைத்து ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில் எனக்கு முதல் இடம் விழுந்தது. நான் பார்த்த பட்டியல்கள் எல்லாவற்றிலும் அந்த வருஷம் முதல் பெயர் சான் ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸின் ரன்னிங் பேக் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி. முந்தைய சீசனில் 21 டச்டவுன். யோசிக்க ஒன்றுமில்லை, எடுத்தேன்.

முதல் வாரம் அவர்கள் ஆட்டம் திங்கள் இரவு ஜெட்ஸோடு, நமக்குச் செவ்வாய் காலை ஆறு மணி வாக்கில். வாரம் முழுக்க பயிற்சி அறிக்கையில் அவருக்குக் கால் பிரச்சினை இருப்பதாக வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ‘கொஸ்சனபிள்’, அதாவது ஆடுவது சந்தேகம், என்று போட்டார்கள். பட்டியலில் அவர் இன்னும் உச்சியிலேயே இருந்தார். தப்பில்லை, அவர் ஆடினால் அதுதான் அவர் இடம். ‘ஆடினால்’ என்ற அந்த ஒரு சொல் மட்டும் பட்டியலில் இல்லை.

மாற்று ரன்னிங் பேக் எலைஜா மிட்செல் ஆகஸ்ட் கடைசியிலேயே காயப் பட்டியலுக்குப் போய்விட்டார். அப்படியென்றால் அடுத்தவர் யார் என்று தேடியபோது ஜோர்டன் மேசன் என்ற பெயர் கிடைத்தது. எங்கள் லீகில் அவரை யாரும் எடுக்கவில்லை. பெஞ்சில் இருந்த இரண்டாவது டைட் எண்டை விட்டுவிட்டு அவரை எடுத்து வைத்தேன்.

ஆட்டம் தொடங்க 90 நிமிஷம் முன்னால் ஆடாதவர் பெயர்களை அறிவிப்பார்கள். நாலு மணிக்கு அலாரம். அம்மா எழுந்து வந்து, “ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையாப்பா?” என்று கேட்டார். மெக்காஃப்ரி பெயர் அந்த அறிவிப்பில் இருந்தது. மேசனை மாற்றினேன், அம்மா காப்பி போட்டுக் கொடுத்தார், இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். 28 ஓட்டம், 147 யார்டு, ஒரு டச்டவுன். விதி ஒன்றும் தெரியாமலே, “இந்தப் பையன் விடமாட்டேங்கிறானே” என்றார் அம்மா. ஓட்டத்தில் மட்டும் 20.7 புள்ளி.

தூரத்தில் இருந்து ஆடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் முதல் தேர்வுக்கு அடுத்து யார் வருவார் என்று டிராஃப்ட் நாளிலேயே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அலாரம் வைத்து எழுவது அதற்கு அப்புறம்தான்.

ஒஹாயோ:

எல்லாவற்றையும் படித்தேன். நான் சொல்லப்போவது ஜெயித்த வாரமோ தோற்ற வாரமோ இல்லை. சொல்லலாமா என்று கொஞ்சம் தயங்கினேன்.

2023 ஜனவரி 2. 17ஆவது வாரம், எங்கள் லீக் ஃபைனல். பில்ஸும் பெங்கால்ஸும் சின்சினாட்டியில். அந்த வாரப் பட்டியல்களில் மேலே பார்த்தால் பாதி இந்த ஒரு ஆட்டத்தின் பெயர்கள்தான்: ஜோஷ் ஆலன், ஜோ பரோ, ஜமார் சேஸ், ஸ்டெஃபான் டிக்ஸ், டீ ஹிகின்ஸ். வாரம் முழுக்க நான் அலசியதும் இந்த மேட்ச்அப்பைத்தான். என்னிடம் சேஸும் ஹிகின்ஸும். எதிராளி என் பக்கத்து வீட்டுக்காரர், அவரிடம் ஆலன். இரண்டு பேரும் எங்கள் வீட்டில் ஒரே டிவி முன்னால்.

முதல் குவார்ட்டரில் ஹிகின்ஸ் ஒரு பந்தைப் பிடித்தார். நான் கை தட்டினேன். பில்ஸின் டமார் ஹாம்லின் அவரைத் தடுத்து விழுத்தினார். ஹாம்லின் எழுந்து நின்றார். அப்புறம் அப்படியே பின்னால் சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்தார்கள். இரண்டு அணி ஆட்டக்காரர்களும் முழங்காலிட்டு அழுதார்கள்.

நான் தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. போனில் ஆப் திறந்தே இருந்தது, அதில் எனக்கு ஒரு கேட்சுக்கான புள்ளி ஏறியிருந்தது. பார்க்கப் பிடிக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எதுவும் பேசவில்லை. ஆம்புலன்ஸ் போன பிறகும் நாங்கள் டிவியை அணைக்கவில்லை. ஆட்டத்தைத் தொடரப்போவதில்லை என்று சொன்ன பிறகும் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அந்த ஆட்டம் ரத்தாகிவிட்டது. லீக் நடத்துகிறவர் இரண்டு நாள் கழித்து போன் செய்து, ஃபைனலை என்ன செய்வது என்று கேட்டார். இருக்கிற புள்ளியை வைத்து முடிப்பதா, அடுத்த வாரப் புள்ளியைச் சேர்ப்பதா? நாங்கள் இரண்டு பேரும் ஏற்கெனவே பேசி வைத்திருந்தோம். பரிசுப் பணம் முழுவதையும் ஹாம்லின் குழந்தைகளுக்குப் பொம்மை வாங்கித் தரத் தொடங்கியிருந்த நிதிக்கு அனுப்பச் சொன்னோம். அவர் முதலில் அதற்கு வைத்த இலக்கு 2,500 டாலர். நாடு முழுக்க மக்கள் அனுப்பி அது 80 லட்சம் டாலரைத் தாண்டியது. ஹாம்லினும் பிழைத்து, அடுத்த சீசனில் மறுபடி களத்துக்கு வந்தார்.

கோப்பையில் இரண்டு பெயரும் இருக்கிறது. ஜூன் வரை பக்கத்து வீட்டுக்காரர் அலமாரியில் இருந்தது, அதற்கப்புறம் எங்கள் வீட்டில்.