குடும்பக் குழு: தம்பியின் லேப்டாப் எழவில்லை

தம்பி (இரவு 8:12): சித்தப்பா, இருக்கிறீர்களா? ஆபரேட்டிங் சிஸ்டம் லேபுக்காக லினக்ஸின் 6.6 கர்னலை, அதாவது சிஸ்டத்தின் மையப் புரோகிராமை, நானே கம்பைல் செய்தேன். ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரையில் எழுத்துகள் வந்து அப்படியே நிற்கிறது.

அம்மா: எந்த லேப்டாப்? நிச்சயதார்த்தப் படங்கள் இருப்பதா?

தம்பி: ஆமாம்மா.

நான்: டேய்!!!

மாமா: நம்ம கடைத்தெரு பையனிடம் கொடுங்கள். ஃபார்மேட் அடித்தால் அரை மணி நேரத்தில் சரியாகிவிடும்.

சித்தப்பா: மாப்பிள்ளை, ஃபார்மேட் மட்டும் வேண்டாம். படங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தம்பி, கடைசி வரியை அப்படியே போடு.

தம்பி: "கர்னல் பேனிக்: விஎஃப்எஸ்: அன்னேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-பிளாக்(0,0)". கையொப்பமில்லாத கர்னலைத் தடுக்கும் செக்யூர் பூட் காரணமாக இருக்கும் என்று நண்பன் சொல்கிறான்.

சித்தப்பா: இல்லை. செக்யூர் பூட் தடுத்திருந்தால் கர்னலை ஏற்றிவிடும் கிரப்பே "பேட் ஷிம் சிக்னேச்சர்" என்று திட்டிவிட்டு நின்றிருக்கும், கர்னல் ஒரு வரிகூட ஓடியிருக்காது. உன் கர்னல் ஓடித்தான் செத்திருக்கிறது. அந்த (0,0) தான் முக்கியம். டிஸ்க் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியவில்லை என்று அர்த்தம். சரி, உபுண்டு லினக்ஸ் போடும்போது டிஸ்க்கை பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி என்கிரிப்ட் செய்தாயே, இப்போது பாஸ்வேர்டு கேட்டதா?

தம்பி: கேட்கவே இல்லை.

சித்தப்பா: அப்படியானால் இனிட்ராம்எஃப்எஸ், அதாவது டிஸ்க்கைத் திறப்பதற்கு முன் கர்னலோடு மெமரியில் ஏறும் சின்னத் தொகுப்பு, ஏறவில்லை. பாஸ்வேர்டு கேட்பதே அதற்குள் இருக்கும் சின்ன புரோகிராம்தான். டிஸ்க்குக்கான டிரைவரும் உபுண்டு கான்ஃபிக்கில் (கர்னல் அமைப்புப் பட்டியலில்) மாடியூலாக, அதாவது கர்னலுக்கு வெளியே தனிக் கோப்பாக, இருக்கிறது, அந்த மாடியூல் கிடப்பதோ பூட்டிய டிஸ்க்கில்.

அம்மா: பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதை.

சித்தப்பா: அதேதான் அண்ணி. வெளியே இன்னொரு சாவி இருக்க வேண்டும், அதுதான் இனிட்ராம்எஃப்எஸ். தம்பி, ஆன் செய்ததும் எஸ்கேப்பைத் தட்டு. கிரப் மெனுவில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" உள்ளே பழைய 5.15 கர்னல் இருக்கும், அதில் போ.

தம்பி (8:31): போய்விட்டது! பாஸ்வேர்டு கேட்டது, எல்லாம் இருக்கிறது.

நான்: முதலில் என் படங்களைப் பென்டிரைவில் போடு. மற்றதெல்லாம் அப்புறம்.

அம்மா: அக்கா சொல்வதைக் கேள்.

தம்பி (8:58): போட்டாயிற்று. சித்தப்பா, /பூட் ஃபோல்டர் உள்ளே 6.6க்கு விஎம்லினஸ் (கர்னல் கோப்பு) இருக்கிறது, இனிட்ஆர்டி (இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு) இல்லை. ஆனால் கர்னலை நிறுவும் மேக் இன்ஸ்டால் கட்டளை அதைத் தானாகவே உருவாக்கும் என்றார்களே?

சித்தப்பா: உருவாக்கப் பார்த்திருக்கும். அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளைக்கு 6.6 பதிப்பைக் கொடுத்து நீயே ஓட்டிப் பார்.

தம்பி: "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்". /பூட்டில் 300 எம்பி காலியாக இருக்கிறதே?

சித்தப்பா: நினைத்தேன். என்கிரிப்ட் செய்தால் உபுண்டு /பூட்டைத் தனிப் பார்ட்டிஷனாக வைத்துவிடும், அது எப்போதும் குறுகலாகத்தான் இருக்கும். மாடியூல்கள் கிடக்கும் /லிப்/மாடியூல்ஸில் பழைய கர்னலுடையதும் புதியதுடையதும் எவ்வளவு?

தம்பி: பழையது 500 எம்பி போல. புதியது 5 ஜிபிக்கு மேல்!!

மாமா: பத்து மடங்கா? வைரஸ்தான்.

சித்தப்பா: வைரஸ் இல்லை மாப்பிள்ளை, டீபக் தகவல், பிழை தேடுவதற்கானது. உபுண்டு கான்ஃபிக்கை அப்படியே எடுத்தால் ஒவ்வொரு மாடியூலிலும் அது ஒட்டிக்கொண்டு வரும். உபுண்டுக்காரர்கள் பேக்கேஜ் செய்யும்போது உரித்துவிடுவார்கள். உரிக்காத மாடியூல்களை எல்லாம் அள்ளிக்கொண்டுபோனால் இனிட்ஆர்டி ஊதிப்போய் /பூட்டில் இடமே இருக்காது. அந்த "நோ ஸ்பேஸ்" வரி அப்போதே திரையில் ஓடியிருக்கும், அத்தனை வெளியீட்டில் யார் கண்ணில் படும்? மேக் இன்ஸ்டால் முடிந்த பிறகு கிரப் மெனுவைப் புதுப்பிக்கும் அப்டேட்-கிரப் தனியாக ஓட்டினாயா?

தம்பி: ஆமாம், மெனுவில் 6.6 வரவில்லை என்று.

சித்தப்பா: அங்கேதான் சிக்கல். இனிட்ஆர்டி இல்லாவிட்டாலும் கிரப் விஎம்லினஸைப் பார்த்து மெனுவில் சேர்த்துவிடும். இப்போது மாடியூல்களை நிறுவும் மாடியூல்ஸ்_இன்ஸ்டாலை மறுபடி ஓட்டு, கூடவே அவற்றை உரிக்கச் சொல்லும் இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1 என்று கொடு. அப்புறம் மேக் இன்ஸ்டால். மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதில்லை.

அம்மா: சாப்பிட்டுவிட்டுச் செய். தோசை ஆறுகிறது.

தம்பி (9:47): பாஸ்வேர்டு கேட்டது!!! கர்னல் பதிப்பைச் சொல்லும் யூநேம் 6.6 காட்டுகிறது. லேபுக்காக நான் சேர்த்த சிஸ்டம் காலும் (புரோகிராம்கள் கர்னலிடம் வேலை கேட்கும் வழி) வேலை செய்கிறது, கர்னல் லாகில் என் வரி வருகிறது. இனிட்ஆர்டி 100 எம்பிகூட இல்லை.

சித்தப்பா: அருமை. லேப் முடியும்வரை 5.15ஐ நீக்காதே. இந்த மாதிரி வேலைக்கு ஒரு ஜன்னலுக்குள் ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டரான க்யூஎமுவே போதும், கர்னல் இமேஜை நேராகக் கொடுத்து ஓட்டலாம். செத்தால் ஒரு ஜன்னல்தான் சாகும்.

மாமா: அப்போ கடைத்தெரு பையன் வேண்டாமா?

நான்: வேண்டாம் மாமா. படங்களை இப்போது குழுவில் போடுகிறேன், ஆல்பத்துக்கு எதெல்லாம் என்று எல்லோரும் சொல்லுங்கள்.